பெயர் சொல்லாமல் ஒலிக்கும் பதிவுகள்: வெள்ளவத்தையில் ஓர் இசைக் கேட்பு வட்டம்

கொழும்பில் கர்நாடக இசைக்கு மேடைகள் இல்லாமல் இல்லை. தமிழ்ச் சங்கத்திலும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் அரங்கேற்றங்களும் கச்சேரிகளும் நடந்தவண்ணமே இருக்கின்றன. ஆனால் பழைய பதிவுகளை ஆறுதலாக இருந்து கேட்பதற்கும், ஒருவர் பாடியதை மற்றவர் பாடியதோடு வைத்துப் பேசுவதற்கும் வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வாய்ப்பது அரிது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற இசை ஆசிரியத் தம்பதியர் தமது தொடர்மாடி வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை நடத்தும் கேட்பு வட்டம் அந்தக் குறையை நன்றாகவே தீர்க்கிறது. பெயர்ப்பலகையும் விளம்பரமும் இல்லாமல், அங்கத்தவர் ஒருவர் மூலமாகவே சேரக்கூடிய இந்த வட்டத்துக்குச் சில காலமாகப் போய்வருபவன் என்ற முறையில், அதன் நிறைகளையும் திருத்திக்கொள்ள வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இதன் முதற் சிறப்பு, குறைவாக ஒலிக்கவிட்டு முழுதாகக் கேட்பது. ஒரு மாலைக்கு மூன்று பதிவுகள்தான், மிஞ்சிப்போனால் நான்கு. கைத்தொலைபேசியில் பல்லவியைக் கேட்டவுடன் அடுத்த பாடகருக்குத் தாவும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்ட இந்நாளில், சொற்களின்றி இராகத்தை விரிக்கும் ஆலாபனையின் முதற் சுரத்திலிருந்து, தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தின் கடைசிக் கோர்வை வரை ஒருவரும் எழும்பாமல் இருந்து கேட்பது எவ்வளவு பெரிய பயிற்சி என்பதை இங்கே வந்த பின்பே பலரும் உணர்கிறார்கள். காம்போதி இராகத்தில் அமைந்த ‘ஓ ரங்கசாயி’ கிருதியின் நிரவலை, அதாவது ஒரே வரியைப் பலவாறாக விரித்துப் பாடும் பகுதியை, தனியாக வெட்டியெடுத்துக் கேட்டவருக்கு, அதற்கு முன் காம்போதி ஆலாபனையில் பாடகர் எதை விரித்தார், எதை நிரவலுக்கென்று ஒதுக்கி வைத்தார் என்பது எப்படித் தெரியவரும்? ஒப்பீடு பொருளுள்ளதாக அமைவதற்கு முழுமையாகக் கேட்பதே முதல் நிபந்தனை என்று நான் நம்புகிறேன். இந்த வட்டம் அதில் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது, பதிவு முடியும் வரை பாடியவரின் பெயரைச் சொல்லாத வழக்கம். தேர்ந்த ரசிகர்கள் மதுரை மணி ஐயரையோ எம்.எஸ். சுப்புலட்சுமியையோ ஒரு சங்கதிக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும், கேட்டது இன்னதென்று சொல்லி முடிக்கும் வரை பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதால், பெயரின் கனத்தை வைத்துப் பாராட்டும் பழக்கம் தானாகவே குறைகிறது. “ஐயா, ஆர் எண்டு சொல்ல வேண்டாம், நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கோ” என்று வீட்டு அம்மா இடைமறிப்பது அங்கே வழமையான காட்சி. பல்கலைக்கழக மாணவர்களும் எண்பதைத் தாண்டிய பெரியவர்களும் ஒரே வரிசையிலிருந்து சமமாகப் பேச முடிவது இந்த ஒழுங்கினாலேதான்.

அண்மையில், இராமனை இறைஞ்சும் தியாகராஜரின் ‘நகுமோமு’ கிருதி எடுத்துக்கொள்ளப்பட்ட மாலையை நான் எளிதில் மறக்கமாட்டேன். முதலில் முசிரி சுப்பிரமணிய ஐயரின் பழைய இசைத்தட்டுப் பதிவு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பதியக்கூடிய அந்தக் காலத்துத் தட்டின் எல்லைக்குள், ஒரு விண்ணப்பத்தின் உருக்கம் முழுவதையும் அவர் அடக்கிவிடுகிறார். கருடன் உன் ஆணையைக் கேட்டு விரைந்து வரவில்லையா, வானத்திலிருந்து பூமிக்குத் தூரம் அதிகம் என்றானா என்று கேட்கும் சரணத்தில், மேலே எழும்பும் அந்தக் குரலின் இறைஞ்சலுக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. அடுத்து ஒலித்தது பாலமுரளிகிருஷ்ணாவின் பதிவு. அதே கிருதி, அதே ஆபேரி இராகம். ஆனால் கேட்டவர்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று பரவலாகப் பாடப்படும் ஆபேரியில் ஆறாவது சுரமான தைவதம் சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதமாக வர, அவர் அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதத்தைப் பிடித்துப் பாடுகிறார். ஆரோகணத்தில், அதாவது ஏறுவரிசையில், தைவதமே இல்லாத இராகம் என்பதால், மேலேறும் பிடிகளில் இரண்டு பதிவுகளுக்கும் வேறுபாடு தெரியாது. இறங்கும்போதுதான், நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வரும் அந்த ஒற்றைப் படியில், இராகத்தின் நிறமே மாறுகிறது. வீட்டு ஐயா சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் அந்த இறக்கத்தைப் பாடிக் காட்டினார். முத்துசுவாமி தீட்சிதரின் ‘வீணாபேரி’ கிருதி சுத்த தைவதத்தோடு வழங்கி வருவதையும் எடுத்துச் சொல்லி, இதைப் புதுமை என்று தள்ளிவிட முடியாது என்றார். எது சரி என்ற வாக்குவாதம் எழும்பத்தான் செய்தது. என் காதுக்குச் சதுஸ்ருதி தைவதமே இந்தச் சாகித்தியத்தின் ஏக்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் மற்றதைக் கேட்டபின்பே ஏன் பொருந்துகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

கடைசி அரைமணி நேரம், அந்த மாதத்தில் தாம் கேட்டவற்றை அங்கத்தவர்கள் பகிர்ந்துகொள்வதற்கு உரியது. சென்ற அமர்வில் ஓர் இளைஞர் மேலைச் சாஸ்திரிய இசையைக் கொண்டுவந்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் மாறுபாடுகள்’ என்ற படைப்பைப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் பதிவு செய்தபோது எடுத்துக்கொண்ட நேரம் 38 நிமிடம் சொச்சம். 1981இல் மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடத்துக்கு மேல். அதற்கடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். முதற் பதிவில், ஒவ்வொரு பகுதியையும் திரும்ப வாசிக்கும் மீள்வாசிப்புகளை முற்றாக விட்டிருந்தார், இரண்டாவதில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார் என்பது நேர வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆனால் ஏரியா எனப்படும் தொடக்கத்து மெட்டை மட்டும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டாலே, அந்த மனிதரின் மூச்சே மாறிவிட்டது தெரிகிறது. நேரம் போதாமையால் ஏரியாக்களை மட்டும் கேட்க நேர்ந்தது. முழுமையை வற்புறுத்தும் வட்டம் தன் விதியைத் தளர்த்தும் இடம் இந்தப் பகிர்வு நேரம் ஒன்றுதான். வாழ்நாள் முழுவதும் கர்நாடக இசையைத் தவிர வேறொன்றையும் விரும்பிக் கேட்டிராத ஒரு பெரியவர், “தம்பி, இந்தப் பிந்தினது எம்.டி. ராமநாதன்ரை விளம்பகாலம் மாதிரி எல்லோ இருக்கு” என்றார். விரைவைக் குறைத்து ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விடுவது முதுமையின் தளர்ச்சியன்று, ஒரு தெரிவு என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. இப்படி ஓர் உரையாடல் அந்த அறையைத் தவிர கொழும்பில் வேறெங்கே நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவுகளைத் தயார்செய்வதில் வீட்டார் காட்டும் கவனத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் கோயில் திருவிழா ஒன்றில் பதிவான, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிக்கும் ஒலிநாடாவின் பிரதியொன்றை ஓர் அங்கத்தவர் கொண்டுவந்திருந்தார். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது நாடா ஓடும் வேகம் பிசகிவிடுவதுண்டு; வேகம் நூற்றுக்கு 6 பங்கு கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நாதஸ்வரத்தின் சுருதியைச் சுருதிப் பெட்டியோடு ஒத்துப்பார்த்து, கணினியில் வேகத்தைக் குறைத்து, அதன் பிறகே அந்தப் பதிவைக் கேட்கவிட்டார்கள். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்த அந்த மேதையின் விரல் வேகமே மலைக்க வைப்பது. அது நாடாவின் பிழையால் கூடித் தெரியக்கூடாது என்ற அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். திருத்திய பதிவில் தவிலின் இடப்பக்கமான தொப்பியின் கனதியும் வலப்பக்கமான வலந்தலையின் தெளிவும் தனித்தனியே கேட்டன.

குறைகளுக்கு வருகிறேன். ஒலிபெருக்கிகள் இரண்டையும் அறையின் மூலைகளில் சுவரோடு ஒட்டி வைத்திருப்பதால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி வீங்கி, பாடகரின் கீழ் ஸ்தாயியை மூடிவிடுகிறது. அவற்றைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து வைத்தாலே பெருமளவு சீராகிவிடும். கடற்கரைப் பக்க யன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று வரும், கூடவே புகைவண்டியும் வரும். ஆலாபனையின் நடுவில் அது கடந்துபோகும்போது பதிவை நிறுத்தி, விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடங்குகிறார்கள். அந்தப் பொறுமை பாராட்டுக்குரியது என்றாலும், யன்னலை மூடிவிட்டு மின்விசிறியோடு சமாளிப்பதே நல்லது.

இவற்றைவிட என்னை உறுத்துவது தெரிவுகளில் உள்ள சாய்வு. நான் போகத் தொடங்கிய பிறகு ஒலித்த பதிவுகளில், எம்.எஸ். சுப்புலட்சுமியை விட்டால் பெண் கலைஞர்கள் மிகக் குறைவு. கற்பனைத் திறனைச் சோதிக்கும் இராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் அதை மேடையில் பாடி நிலைநாட்டிய டி.கே. பட்டம்மாளையும், வீணை தனம்மாள் வழிவந்த காதற் பாடல்களான பதங்களையும் ஜாவளிகளையும் காத்துத் தந்த டி. பிருந்தாவையும் கேட்காமல் பாணிகளை ஒப்பிடுவது அரைகுறை ஒப்பீடாகவே இருக்கும். ஈழத்தோடு தொடர்புள்ளவர்களுக்கும் கூடுதல் இடம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்த மகாராஜபுரம் சந்தானத்திடம் நேரில் கற்றவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அவரது பதிவுகளை வைத்து ஓர் அமர்வு நடத்தினால் அவர்கள் வாயிலிருந்து கேட்பதற்கும் நிறைய இருக்கும்.

கட்டணம் அமர்வுக்கு 1,000 ரூபா, மாணவர்களுக்குப் பாதி. தேநீரும் வடையும் அதற்குள் அடக்கம். இருபது பேருக்கு மேல் இடமில்லாததால் முந்திய வாரமே வட்ஸ்அப்பில் சொல்லிவைக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அழைத்துவரலாம், ஆனால் பதிவு ஓடும்போது வெளியே போய்வர முடியாது. என் முறைப்பாட்டை வீட்டு அம்மாவிடம் சொன்னபோது, பிருந்தாவின் நல்ல பதிவொன்றை நானே கொண்டுவந்தால் அடுத்த அமர்வை அதிலிருந்து தொடங்குவதாகச் சொன்னார். முகாரி இராகத்தில் ஒரு பதம் கைவசம் இருக்கிறது. அதோடு வைத்துக் கேட்கத் தக்க இன்னொரு பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.