ரோட் ட்ரிப் அட்வெஞ்சர்: என்ஜினை விடுங்க, டயரைப் பாருங்க

2002-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த சோரோ-க்யூ எச்ஜி 2 என்ற கார் ரேஸ் வீடியோ கேம்தான் ஐரோப்பாவில் ரோட் ட்ரிப் அட்வெஞ்சர். அமெரிக்காவில் வெறும் ரோட் ட்ரிப். பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும், டக்காரா என்ற பொம்மை கம்பெனியின் குட்டிக் கார்கள்தான் இதற்கு மூலம். மருந்துக்குக்கூட மனுஷன் கிடையாது. வீட்டில் குடியிருப்பதும் கார், கடை வைத்திருப்பதும் கார், ஜனாதிபதியும் கார். உலக கிராண்ட் பிரீயில் ஜெயித்தால் அவர் நாற்காலி உங்களுக்கு.

விளையாட்டு தொடங்கும் ஊரான பீச் டவுனில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லோருக்கும் என்ஜின் மேல்தான் கண் போகும். அங்கேதான் சறுக்கல். பிடிமானம் இல்லாத டயரோடு வேகம் மட்டும் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் கார் வெளியே வீசப்படும், நேராக்கி எடுப்பதற்குள் மூன்று பேர் தாண்டிப் போயிருப்பார்கள். முதல் காசு டயருக்கு. தார் ரோட்டுக்கு ரேஸிங் டயர், மண்ணுக்கும் மணலுக்கும் ஆஃப்-ரோடு, மழைக்கு வெட், பனிக்கு ஸ்டட்லெஸ். பனி ஊரான வொயிட் மவுண்டனுக்கு ரேஸிங் டயரோடு போய்ப் பாருங்கள்: ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பியும் மூக்கு மட்டும் திரும்பும், கார் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டும். ஸ்டட்லெஸ் மாட்டினால் அதே வளைவு சாதாரணம்.

அடுத்தது கியர். நீளமான நேர்ப்பாதைக்கு ஸ்பீட் கியர், ஏற்றத்துக்கு பவர் கியர். குழப்பமாக இருந்தால் வைட் கியர் போட்டுவிடலாம், எங்கேயும் ரொம்ப மோசம் போகாது. என்ஜின் அதற்கப்புறம்தான். சி, பி, ஏ என்ற தரவரிசையில் ரேஸ் படிப்படியாகக் கடினமாகும். ஒரே ரேஸில் திரும்பத் திரும்பத் தோற்றால் ஓட்டும் கையைக் குறை சொல்லாதீர்கள், கராஜுக்குப் போங்கள்.

ரேஸை விட ஊர் சுற்றுவதில்தான் நாள் போகும். கதவைத் தட்டி உள்ளே போனால் ஒவ்வொரு காரும் ஏதாவது சொல்லும். பாதி வெட்டிப் பேச்சு, மீதி வேலை. சிலரை உங்கள் சொந்த ஊரான மை சிட்டிக்குக் குடியேறக் கூப்பிடலாம். ஆள் சேரச் சேர, காலியாகக் கிடந்த ஊரில் கட்டடம் எழும்பும். குரல் இல்லை, எல்லாம் எழுத்துதான். வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் வரும் லோடிங் எரிச்சல். யாரிடம் என்ன கேட்டோம் என்ற குறிப்பை விளையாட்டு ஒழுங்காக வைத்துத் தராது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 100 நாணயங்களையும் 100 முத்திரைகளையும் முடிக்கிற எண்ணம் இருந்தால், முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஊர்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.