செட்ரிசினா, பெனாட்ரிலா: நாயின் அரிப்புக்கு எந்த மருந்து?

நாய்க்கு அலர்ஜி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் பெனாட்ரில். அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே அந்தப் பெயரில் டைஃபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்து 25 மி.கி மட்டுமே உள்ள சின்ன இளஞ்சிவப்பு மாத்திரை கிடைக்கிறது. நம் ஊர் மருந்துக்கடையில் அதே பெயரைச் சொன்னால் இருமல் சிரப்பை எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் லேப்ரடார் மழைக்காலம் வந்தாலே பாதங்களை நக்கி நக்கிச் சிவக்க வைத்துவிடுவான். எடை 30 கிலோ. கால்நடை மருத்துவர் அலர்ஜி என்று உறுதிசெய்த பிறகு எங்கள் முன் இருந்தவை செட்ரிசின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின் என்ற மூன்று மருந்துகள். அவரோடு பேசி நாங்கள் தேர்ந்தெடுத்தது செட்ரிசின். ஹைட்ராக்சிசினைக் கொஞ்ச காலம் கொடுத்துப் பார்த்ததைத் தவிர, இன்று வரை அதில்தான் இருக்கிறோம்.

மூன்றும் செய்வது ஒரே வேலை. அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருள் போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்கின்றன. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கம் என்று பார்த்தால் டைஃபென்ஹைட்ரமினும் ஹைட்ராக்சிசினும் பழைய தலைமுறை மருந்துகள், மந்தமாக்கும். செட்ரிசின் அவ்வளவாக மந்தமாக்காது. எங்கள் நாய் மாத்திரை போட்ட நாளிலும் வழக்கம்போல் கேட்டுக்கு ஓடுகிறான், பந்துக்கு ஓடுகிறான். டைஃபென்ஹைட்ரமினை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும். செட்ரிசின் பெரும்பாலும் ஒரு வேளை போதும். வேலைக்குப் போகிற வீட்டில் இது பெரிய உதவி. போதாததற்கு, வாய் வழியாகக் கொடுக்கும் டைஃபென்ஹைட்ரமின் நாயின் ரத்தத்தில் சரியாகச் சேர்வதில்லை என்பதும் தெரிந்த விஷயம்.

ஆனால் நான் செட்ரிசினைப் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் இவை எதுவும் இல்லை. அது நம் ஊரில் தனி மருந்தாக, வேறு எதுவும் கலக்காமல், 10 மி.கி மாத்திரையாக எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. நாய்க்கு மனித மருந்து கொடுக்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் கருத்து. ஆபத்து பெரும்பாலும் கூட வரும் சரக்கிலிருந்துதான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டைஃபென்ஹைட்ரமின் நாய்க்குக் கிலோவுக்குச் சுமார் 2 மி.கி. 30 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 60 மி.கி. இங்கே பெனாட்ரில் பெயரில் விற்கும் இருமல் சிரப்பில் 5 மில்லிக்குச் சுமார் 14 மி.கி டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறது. அப்படியென்றால் வேளைக்கு 20 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அதே 5 மில்லியில் அமோனியம் குளோரைடு 138 மி.கி, கூடவே சோடியம் சிட்ரேட், மெந்தால். சளியைக் கரைப்பதற்காக மனிதனுக்குச் சேர்த்தவை. வேளைக்குக் கிட்டத்தட்ட 600 மி.கி அமோனியம் குளோரைடு, நாளைக்கு மூன்று முறை என்றால் 1.8 கிராம். வயிற்றைப் புரட்டும், சிறுநீரின் அமிலத் தன்மையைக் கூட்டும். அரிக்கிற நாய்க்கு இதில் ஒரு துளியும் தேவையில்லை. சிரப் இருமலுக்காகச் செய்தது, அதன் மேல் தப்பில்லை. நம் தேவைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

செட்ரிசினிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. 'கோல்ட்' என்ற சொல் ஒட்டிய மாத்திரைகளில் செட்ரிசினோடு பாரசிட்டமாலும் ஃபினைல்எஃப்ரினும் இருக்கும். 30 கிலோ நாய்க்கு மூன்று மாத்திரை என்ற கணக்கில் அதைக் கொடுத்தால் பாரசிட்டமால் மட்டுமே ஒரு கிராம் அளவுக்கு, அதற்கு மேலும், உள்ளே போகும். பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கு இன்னும் மோசம், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஃபினைல்எஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் மூக்கடைப்புக்காகச் சேர்ப்பவை. இவை இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சூடோஎஃபெட்ரின் நாய்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே வலிப்பு வரை கொண்டுபோகும். பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் அந்த அட்டையைத் தொட வேண்டாம்.

கடையில் இன்னொன்று நடக்கும். செட்ரிசின் கேட்டால் லீவோசெட்ரிசின் 5 மி.கி கொடுப்பார்கள், இல்லையென்றால் அதோடு மான்டெலுகாஸ்ட் என்ற வேறொரு மருந்து சேர்ந்ததை எடுத்து நீட்டுவார்கள். 'எல்லாம் ஒன்றுதான் சார், இது இன்னும் நல்லது' என்பார்கள். மனிதனுக்கு அது சரியாக இருக்கலாம். நாயின் மருத்துவர் எழுதிய அளவு வேறு மாத்திரைக்கானது, அதை அப்படியே மாற்றிப் போட முடியாது. அப்புறம் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நான்கு மாத்திரை கொடுக்கும் பழக்கம். மூலப்பொருள் அச்சடித்த பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் முழு அட்டையாக வாங்குங்கள். பின்பக்கத்தில் ஒரே ஒரு மருந்தின் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று படியுங்கள்.

குழந்தைகளுக்கான சிரப் கொடுக்க எளிது என்று தோன்றும். அதில் இனிப்புக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சைலிடால் இருந்தால் வேண்டவே வேண்டாம். நாயின் உடலில் அது இன்சுலினைக் கொட்டவைத்து, அரை மணி நேரத்திலேயே சர்க்கரை அளவைச் சரித்துவிடும். நான் மாத்திரையைக் கொஞ்சம் தயிர்சோற்றுக்குள் வைத்துக் கொடுக்கிறேன், எங்கள் ஆள் மெல்லாமல் விழுங்கிவிடுவான்.

அளவைப் பற்றி: செட்ரிசின் நாய்க்குப் பொதுவாகக் கிலோவுக்கு 1 மி.கி வரை, நாளுக்கு ஒரு முறை. பெரியவர்களுக்கே 10 மி.கிதானே, நாய்க்கு எப்படி 30 என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நாயின் உடல் மருந்தைக் கையாளும் விதம் வேறு. அதற்காக இந்த எண்ணை வைத்து நீங்களே தொடங்கிவிடாதீர்கள். செட்ரிசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பலவீனமான வயதான நாய்க்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வலிப்பு வந்த நாய், இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, சினை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணிக்கு அமிட்ராஸ் மருந்தில் குளிப்பாட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பழைய தலைமுறை மருந்துகளோடு அது சேர்ந்தால் பக்கவிளைவுகள் கூடும்.

ஹைட்ராக்சிசினைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நாங்கள் அதைக் கொஞ்ச காலம்தான் கொடுத்தோம். சுவாரசியம் என்னவென்றால், நாயின் உடலுக்குள் போன ஹைட்ராக்சிசின் சீக்கிரமே செட்ரிசினாக மாறிவிடுகிறது. பலன் தருவதில் பெரும்பங்கு அந்த மாறிய மருந்துதான். அப்படியிருக்க நேராகச் செட்ரிசினையே கொடுத்துவிட்டுப் போகலாமே என்பது என் நியாயம். இரவு முழுக்கச் சொறிந்து தூங்காத நாய்க்கு ஹைட்ராக்சிசின் தரும் மந்தமே நிம்மதி தரலாம். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்கலாம்.

டைஃபென்ஹைட்ரமினை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மருத்துவர் கையில், ஊசியாக, அது வேறு மருந்து. நம் ஊரில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஏவில் ஊசியைப் பார்ப்பீர்கள், பெனிரமைன் என்ற அதன் இனத்து மருந்து. தேனீ கொட்டி முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்தால் வீட்டில் மாத்திரை தேடிக்கொண்டிருக்காதீர்கள். எந்த மாத்திரையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வண்டியை எடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

செட்ரிசினுக்காக இவ்வளவு பேசிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும்: நாய்களின் தோல் அலர்ஜிக்கு இந்த வகை மருந்துகள் எல்லாமே மிதமானவைதான். நாயின் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. அரிப்பு உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் பெரிதாக எடுபடாது. பருவம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துத் தினமும் விடாமல் கொடுத்தால் பலன் கொஞ்சம் கூடும். எங்கள் நாய்க்கு நக்குவது குறைந்தது, நிற்கவில்லை. அதோடு தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மாதாமாதம் மருந்து, பாதத்தைக் கழுவி விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது, காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது என்று மற்றதும் நடக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் காதிலும் விரலிடுக்கிலும் பூஞ்சை வந்தால் அந்த அரிப்பு செட்ரிசினுக்கு அடங்காது, பூஞ்சைக்குத்தான் மருந்து போட வேண்டும்.

அடுத்த படியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. ஓரிரு நாளில் அரிப்பை அடக்கிவிடும். ஆனால் தண்ணீர் தாகம், ஓயாத பசி, எடை என்று விலை கேட்கும், நீண்ட நாள் கொடுக்கத் தயக்கம் வரும். ஒக்லாசிடினிப் மாத்திரை அரிப்பின் சமிக்ஞையையே தடுப்பதால் செட்ரிசினை விடப் பல மடங்கு வலுவானது, செலவும் அதற்கேற்ப இருக்கும். ஒரு வயது நிரம்பாத நாய்க்கு அது கூடாது. அதை நாங்கள் இன்னும் கொடுத்துப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் ஒழுங்காகச் செட்ரிசின் கொடுத்தும் தோல் புண்ணாகிக்கொண்டே இருந்தால், மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இந்தப் பேச்சை மருத்துவரிடம் எடுங்கள். அவர் ஒவ்வாமைக்குத் தோல் பரிசோதனை செய்யலாம் என்றால், செட்ரிசினை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் சொல்வார்கள், நிறுத்தாமல் போனால் முடிவு தவறாக வரும்.