பழகிய மொழியா, புதிய மொழியா? பிளாக்செயின் தளங்கள் டெவலப்பர்களை ஈர்க்கும் இரு வழிகள்

வளர்ந்துவரும் ஒரு பிளாக்செயின் தளம், எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் நிரல்களை இயக்கும் மெய்நிகர் இயந்திரத்தையே ஏற்பதா, வேறு நிரல்மொழிக்கு டெவலப்பர்களை அழைப்பதா என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். பாலிகானும் அவலாஞ்சின் சி-செயினும் முதல் வழியில் சென்றன. 2020-இல் தன் முதன்மை நெட்வொர்க்கான மெயின்நெட்டைத் தொடங்கிய சொலானா ரஸ்ட் மொழியையும், ஆப்டாஸும் சூயியும் ஃபேஸ்புக்கின் டியம் என்னும் டிஜிட்டல் நாணயத் திட்டத்தில் பிறந்த மூவ் மொழியையும் தேர்ந்தெடுத்தன.

முதல் வழியில் தடை மிகக் குறைவு. எத்தீரியத்துக்கான நிரல்மொழியாகிய சாலிடிட்டியில் எழுதிய ஒப்பந்தத்தை (பிளாக்செயினில் இயங்கும் நிரலை) உலாவியிலேயே ரீமிக்ஸ் என்னும் நிரலெழுதும் கருவியில் திறந்து, மெட்டாமாஸ்க் என்னும் டிஜிட்டல் பணப்பையில் நெட்வொர்க்கை மாற்றி, சோதித்துப் பார்க்க மட்டும் பயன்படும் மதிப்பற்ற சோதனை நாணயமும் கொஞ்சம் பெற்றுக்கொண்டால், அது பெரும்பாலும் ஒரு வரிகூட மாறாமல் புதிய தளத்தில் ஓடும். ஆனால் இத்தனை எளிதாக வந்தவர், தளம் தரும் மானியம் தீர்ந்ததும் அதே எளிமையுடன் அடுத்த தளத்துக்குப் போய்விடவும் கூடும்.

சொலானாவில் நுழைவதே கடினம். அங்கே நிரல் தன் தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தனிக் கணக்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் தான் படிக்கவும் எழுதவும் போகும் கணக்குகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். சாலிடிட்டியில் பழகியவருக்கு இது தலையைச் சுற்றவைக்கும். ஆயினும், ஒன்றோடொன்று மோதாத பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் இயங்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். ஆங்கர் என்னும் கட்டமைப்பு இந்தச் சுமையைப் பெருமளவு குறைத்திருக்கிறது.

ஆள்பலம் குறைந்த புதிய தளத்துக்கு முதல் வழியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஹேக்கத்தான் என்னும் நிரலாக்கப் போட்டிகளின் பரிசுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது ஆவணங்களுக்கும், சோதனை நாணயம் தடையின்றிக் கிடைப்பதற்கும் செலவிட வேண்டும். முதல் நாளிலேயே அந்த நாணயம் கிடைக்காமல் திரும்பிய மாணவர் மறுபடி வருவது அரிது.