மூன்று வருடம், 21,400 கிலோமீட்டர்: என் முதல் டூயல் ஸ்போர்ட் பைக்

டூயல் ஸ்போர்ட் என்றால் தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் ஓட்டுகிற வகை. கையில் இருப்பது 250 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இன்ஜின். டேங்க் நிரப்பினால் எடை 145 கிலோ, சீட் உயரம் 875 மில்லிமீட்டர். வாங்கும்போதே அது கொஞ்சம் ஓடிய வண்டிதான். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தக் கம்பெனியைப் பற்றியதாகிவிடும். நான் சொல்ல வருவது இந்த வகை வண்டியோடு முதல்முறை வாழ்வது எப்படி என்பதை.

உண்மையில் நான் வாங்க நினைத்தது 650 சிசி வண்டி. நெடுஞ்சாலையில் திணறக்கூடாது, சாமான் ஏற்றினாலும் இழுக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு நண்பரின் 650-ஐ மண் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனேன். நேராக ஓடும்வரை அருமையாக இருந்தது. ஒரு சின்ன மேட்டில் வண்டியைத் திருப்பும்போது கால் ஊன்றிய இடம் பள்ளம். வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்து படுத்தது. எனக்கு அடி இல்லை, வண்டிக்கும் கீறல் இல்லை. முதல் தடவை தூக்கிவிட்டேன். அடுத்த அரை மணியில் மூன்றாவது முறை விழுந்தபோது தூக்க முடியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை தடவை தூக்குவீங்க?" என்று கேட்டார். 650 ஆசை அங்கேயே போய்விட்டது.

650 வகையில் இலகுவானவற்றில் ஒன்றான சுசுகி டிஆர்650 கூட 166 கிலோ. ஹோண்டா சிஆர்எஃப்300எல் 142 கிலோ. தாளில் 24 கிலோ பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சேற்றில் கிடக்கும் வண்டியின் அடியில் கையை விடும்போது அது வேறு கணக்கு. மண் பாதை பழகுகிறவன் விழுவான். எனவே வாங்குவதற்கு முன், குதிரைத்திறன் எவ்வளவு என்பதைவிட, களைத்துப்போன நேரத்தில் ஐந்தாவது முறையாக ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கும் முறை ஒன்று இருக்கிறது: கியரில் போட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டில் அண்டக் கொடுத்து, கால்களால் தள்ளிக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுங்கள். மறந்தால் வண்டி நிமிர்ந்து, அந்தப் பக்கம் போய் விழும். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது.

அடுத்த பயம் சீட் உயரம். நான் 168 சென்டிமீட்டர். கடையில் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் கால் நுனி மட்டும்தான் தொட்டது. உடனே மனம் தாழ்வான வண்டிகளைத் தேடியது. 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இன் சீட் 823 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றும். ஆனால் தரையிலிருந்து இன்ஜின் அடிவரை உள்ள இடைவெளி அதில் 220 மில்லிமீட்டர், சிஆர்எஃப்300எல்-இல் 285. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் உயரத்தையே எடுத்துக்கொண்டேன், அதில் இப்போது வருத்தம் இல்லை. சிக்னலில் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுசாக ஊன்றினால் போதும் என்பது ஒரு மாதத்தில் உடம்புக்குப் பழகிவிட்டது. மண்ணில் மட்டும், நிறுத்துவதற்கு முன்பே எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து அந்தக் காலை இறக்க வேண்டும். இன்றுவரை நான் விழுவதில் பாதி, நிற்கப்போகும் கடைசி நொடியில்தான்.

குள்ளமானவர்கள் பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் தண்டான லிங்க்கை மாற்றி வண்டியை இறக்குவதுண்டு. அதற்கு முன் சாக் (sag), அதாவது ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்கும் அளவைப் பாருங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் பின் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். என் வண்டியில் பழைய ஓனர் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருந்தார், அவர் கனமானவர். இரண்டு சுற்று தளர்த்தியதும் சீட்டும் கொஞ்சம் இறங்கியது, கல் பாதையில் முதுகில் விழும் குத்தும் குறைந்தது. செலவு ஒன்றும் இல்லை.

இனி டயர். இந்த வண்டியைப் பற்றி நான் கற்றதில் பாதி டயரைப் பற்றியதுதான். வாங்கியபோது இருந்தது சாலைக்குச் சாய்ந்த டயர், காய்ந்த சரளையில் சமாளிக்கும். முதல் மழையில் களிமண் டயரின் பொத்தான் போன்ற மேடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, சக்கரம் உருண்டையான வழுக்கைத் தலையாகிவிட்டது. கோபத்தில் முழுக்க மண்ணுக்கான முரட்டுப் பட்டன் டயர் போட்டேன். காட்டில் சொர்க்கம். திரும்பி வரும்போது ஈரச் சாலையில், வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் ஓர் அடி நகர்ந்தது. அந்தப் பின்டயர் 4,500 கிலோமீட்டரில் மொட்டையானது. இப்போது முன்னால் பட்டன் டயர், பின்னால் சாலைக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்ற ரகம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவோம், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்ற கணக்கு. தேய்வதும் பின்டயர்தானே, அது கொஞ்சம் நீண்ட நாள் வரட்டும்.

காற்று அளவையும் சொல்லிவிடுகிறேன். சாலையில் 25 பிஎஸ்ஐ, மண்ணில் 17. அந்த எட்டு பிஎஸ்ஐ இறக்கியதும் வேறு வண்டியில் ஏறியதுபோல் இருக்கும், கல்லில் துள்ளாது, மணலில் மிதக்கும். ஆசைப்பட்டு 12 வரை இறக்கினேன். சாயங்காலம் பார்த்தால் பின்சக்கரத்தின் வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இன்ஜின் இழுக்க இழுக்க டயர் ரிம்மின் மேல் நழுவி, உள்ளே டியூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் வால்வு வேரோடு பிய்ந்திருக்கும். குறைந்த காற்றில் ஓட்ட வேண்டுமானால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 15-க்குக் கீழே போகாதீர்கள். அப்புறம், வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்கி வைக்காதீர்கள், மூடியை ஒட்டி மேலே விட்டுவிடுங்கள். டியூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

பஞ்சர் ஒட்டப் பழகாமல் காட்டுக்குள் போகாதீர்கள். எனக்கு முதல் பஞ்சர் ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது. கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. புது டியூப் கையில் இருந்தது, மாட்டினேன், காற்று அடித்தேன், நிற்கவில்லை. கடைசி லீவரைப் போட்டு நெம்பும்போது நானே டியூபைக் கடித்திருக்கிறேன். மறுபடி கழற்றி, ஒட்டி, மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு ஒரு மெக்கானிக் அண்ணன் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தார்: "எதிர்ப்பக்க டயரை முட்டியால அமுக்கி ரிம் நடுப்பள்ளத்துல இறக்குப்பா, இந்தப் பக்கம் தானா ஏறும்." அதுதான் முழு ரகசியமும். ரிம்மின் நடுவில் விட்டம் குறைவு. எதிர்ப்பக்க விளிம்பு அங்கே இறங்கினால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும், லீவருக்கு வேலையே இருக்காது. இப்போது நாற்பது நிமிடத்தில் முடிக்கிறேன்.

நின்றுகொண்டு ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரை 20 மில்லிமீட்டர் உயர்த்தினேன். செயின் ஓடும் பற்சக்கரத்தில், அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டில், 14 பல்லுக்குப் பதில் 13 போட்டேன். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். மேட்டில் கிளட்சை நசுக்காமலே முதல் கியரில் ஊர்ந்து ஏறுகிறது. சாலையில் 90-க்கு மேல் போனால் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகும். இந்த வண்டியின் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸில் இருந்து எண்ணுவதால் இப்போது ஏழெட்டு சதவீதம் கூட்டியே காட்டுகிறது. அதாவது தலைப்பில் போட்டிருக்கும் 21,400-ல் கொஞ்சம் பொய் இருக்கிறது.

மைலேஜ், லைட், பேட்டரி எல்லாம் சரி. சொல்ல ஒன்றுமில்லை. சீட் மட்டும் பலகை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தவறு ஏர் ஃபில்டர். சாலை வண்டியில் அதை வருடத்துக்கு ஒருமுறை நினைத்தால் போதும். இங்கே புழுதிப் பாதையில் இன்னொரு வண்டியின் பின்னால் ஒரு நாள் போனாலே போதும், கழற்ற வேண்டும். நான் மூன்று மாதம் பார்க்கவில்லை. திறந்தபோது ஃபில்டரின் நுரைப்பஞ்சு காய்ந்து, ஃபில்டரைத் தாண்டிய குழாயில் மெல்லிய செம்மண் படிந்திருந்தது. விரலால் தடவினால் மாவுபோல் ஒட்டியது, அத்தனையும் சிலிண்டருக்குள் போகிற வழி. நல்லவேளை, இன்ஜின் பொறுத்துக்கொண்டது. இப்போது இரண்டு நுரை வைத்திருக்கிறேன். ஒன்று வண்டியில், இன்னொன்று கழுவி, காயவைத்து, எண்ணெய் பிழிந்து உறையில். பெட்ரோலில் கழுவாதீர்கள், நுரையை ஒட்டியிருக்கும் பசை கரைந்துவிடும்.

ஸ்போக்ஸை ஸ்பானரால் தட்டிப் பாருங்கள், எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது. புதுச் சக்கரம் போட்டால் முதல் சில பயணங்களில் கட்டாயம் தளரும்.

ஒருமுறை ஓடையில் வண்டி படுத்து, இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. பதற்றத்தில் செல்ஃபை அழுத்தத் தோன்றும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, தள்ளி நின்று செல்ஃப் அடித்தேன். ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சியது. ஏர்பாக்ஸைக் காலி செய்து, நுரையைப் பிழிந்து போட்டதும் ஓடியது. வீடு வந்து ஆயிலைப் பார்த்தேன், தண்ணீர் கலந்தால் வரும் பால் காபி நிறமில்லை. இருந்தாலும் மாற்றினேன்.

வாங்கிய கூடுதல் சாமான்களில் உருப்படியானவை கைக்காப்பு, இன்ஜின் அடித்தட்டு, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ். கைக்காப்பு போடுவதற்கு முன் கிளட்ச் லீவர் இரண்டு உடைந்தது, போட்ட பிறகு ஒன்றும் இல்லை. பூட்ஸ் இல்லாத ஒரு நாளில் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவே கால் மாட்டி, மூன்று வாரம் நொண்டினேன். அலங்கார விளக்கு வாங்கியதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது வண்டி ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது. பின் லிங்க்கேஜைத் திறந்தால் பேரிங்கில் கிரீஸ் இருந்த இடத்தில் துருத்தண்ணீர். மூன்று வருடமாக வண்டியைப் பிரஷர் வாட்டரில் கழுவிய பலன். புது பேரிங் வந்துவிட்டது, அமுக்கி ஏற்ற வேண்டும். சக்கரம் எப்படியும் கழன்றுதான் கிடக்கிறது, பின்டயரையும் இந்தக் கையோடு மாற்றிவிடப் போகிறேன்.