பிடிஎஃப் இணைப்புகள்: பெட்டியா, நிறமா, அடிக்கோடா?

அண்மையில் ஒரு நீண்ட கையேட்டைப் பிடிஎஃப் ஆக்கியபோது, இணைப்புகளை எப்படி அடையாளம் காட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அடர்நீல எழுத்தும் மெல்லிய அடிக்கோடும் சேர்ந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தேன். எந்த அடையாளமும் இல்லாமல் விடுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இருப்பதே தெரியாத இணைப்பை யாரும் சொடுக்கப்போவதில்லை.

ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் இணைப்புகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் இணைப்பைச் சுற்றிப் பெட்டி போடுகிறது: உள் இணைப்புக்குச் சிவப்பு, மேற்கோள் சுட்டுக்குப் பச்சை, வலை முகவரிக்கு வெளிர்நீலம். பெட்டி பக்கத்தின் மேல் ஒட்டிய குறிப்பு என்பதால் வழக்கமாக அச்சில் வராது. அது உண்மையான வசதிதான். ஆனால் திரையில் பொருளடக்கம் முழுவதும் கட்டங்களாக நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிறம் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். தூய நீலத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு சுமார் 8.6:1, படிக்க எளிது. அதே நீலத்துக்கும் பக்கத்திலுள்ள கறுப்பு எழுத்துக்கும் வெறும் 2.4:1. நிறத்தை மட்டும் நம்பினால் குறைந்தது 3:1 வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் வலையைப் பயன்படுத்த வழிசெய்யும் வலை அணுகல் வழிகாட்டுதல்களின் அளவுகோல். நீலத்தை வெளுக்கவைத்து அதை எட்டலாம். ஆனால் கறுப்பு வெள்ளை அச்சில் அந்தச் சொற்கள் மங்கிய சாம்பலாகிவிடுகின்றன. அடர்த்தியாக்கினால் கறுப்போடு கலந்துவிடும். இந்த இழுபறிதான் என்னை அடிக்கோட்டுக்குக் கொண்டுவந்தது. கோடு இருந்தால் நிறம் எவ்வளவு அடர்த்தியாகவும் இருக்கலாம். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும், நகலெடுத்த தாளிலும் அடையாளம் நிற்கும்.

பெட்டியின் கீழ்விளிம்பை மட்டும் காட்டும் குறிப்புக்கோடும் உண்டு. அதை வரைவது வாசிப்புச் செயலி. எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி வரைவதில்லை. கைபேசிச் செயலிகளில் சிலவற்றைத்தான் பார்த்திருக்கிறேன் என்றாலும், பக்கத்தோடு சேர்ந்து அச்சாகும் கோட்டையே நம்புவேன்.

அடிக்கோட்டுக்கும் தொல்லை உண்டு. தமிழில் கு, ழு போன்ற எழுத்துகளின் கால்களை அது வெட்டும். கோட்டைச் சற்று இறக்கி மெலிதாக்க வேண்டும். முழு வலை முகவரிக்குக் கோடு போட்டால், அதிலுள்ள அடிக்கீறு (_) மறைந்து, அச்சைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் தவறான இடத்துக்குப் போவார். அதனால் முகவரியை அப்படியே தரும் இடங்களில் நீலம் மட்டும் வைத்தேன்; அதன் வடிவமே இணைப்பு என்று சொல்லிவிடுகிறது. பொருளடக்கத்தில் எல்லா வரியும் இணைப்பு என்பதால் அங்கே எதுவும் சேர்க்கவில்லை.