படிவ விதிகளைத் தரவுத்தளத்தில் வைத்துத் தருவோரிடம் அவதானமாக இருங்கள்

இலங்கையின் ஹட்டனில் நாங்கள் நடத்தும் கல்வி நிலையத்தின் மாணவர் பதிவுக்காக ஓர் இணையச் செயலி செய்து தரும்படி, கடந்த வருடம் ஒரு நிறுவனத்துக்கு 140,000 ரூபாய் கொடுத்தோம். படிவத்தில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற விதிகள் யாவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களாக, அதாவது உள்ளீடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதைக் குறியீடுகளால் சொல்லும் வரிகளாக, தரவுத்தளத்தில் இருக்கும் என்றும், நிரலைத் தொடாமல் நாங்களே அவற்றை மாற்றலாம் என்றும் உறுதி கூறினார்கள்.

அடையாள அட்டைக்கான விதி 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய வடிவத்தை மட்டுமே ஏற்றது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையுடன் வந்த இளம் பெற்றோர் அனைவரும் மறுக்கப்பட்டனர். ஒருநாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து வந்த தாயொருவர், பிழை தன் அட்டையில்தான் என்று எண்ணிக் கண்கலங்கினார்.

திருத்துவதற்கு அவர்கள் அனுப்பிய கட்டளையை அப்படியே இட்டோம். அதன்பின் எந்த அட்டையும் ஏற்கப்படவில்லை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பின்சாய்கோட்டைத் தனக்குரிய குறியாக எடுத்துக்கொள்வதால், இலக்கத்தைக் குறிக்கும் பின்சாய்கோடும் டி எழுத்தும் (\d) வெறும் டி எழுத்தாகவே (d) சேமிக்கப்பட்டிருந்ததை எங்கள் பழைய மாணவர் ஒருவரே கண்டுபிடித்தார். இலக்கத்தையே குறிக்கும், பின்சாய்கோடு இல்லாத [0-9] என்று எழுதியிருந்தாலே போதும்.

இதைவிட மோசமானது தொலைபேசிக்கான விதி: ^([0-9]+ ?)+$. இலக்கங்களும் அவற்றுக்கிடையே இடைவெளியும் மட்டுமே வரலாம் என்பது இதன் பொருள். சாதாரண இலக்கங்களுக்கு அது ஒழுங்காகவே வேலை செய்தது. ஒருவர் பத்து இலக்கத் தொலைபேசி எண்கள் மூன்றை இடைவெளியின்றி எழுதி இறுதியில் ஒரு புள்ளியும் வைத்தபோது, புள்ளி விதிக்குப் பொருந்தாததால், அந்த 30 இலக்கங்களையும் 53 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பைதன் என்ற நிரல்மொழியில் எழுதிய செயலி, பதிவுக்கான கடைசி நாளில் அசையாமல் நின்றது. 2019 ஜூலையில், பல இணையத்தளங்களுக்குப் பாதுகாப்பு வழங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவையை ஏறத்தாழ அரை மணி நேரம் முடக்கியதும் இவ்வகையான ஒரேயொரு விதிதான்; ஆகவே தொழிலில் இருப்பவர்கள் இதை அறியாதிருக்க நியாயமில்லை. எங்களுக்குக் கிடைத்த பதிலோ, பிழை பெற்றோருடையது என்பதும், ஒவ்வொரு விதியையும் மாற்றுவதற்கு 15,000 ரூபாய் என்பதுமாகும்.

இத்தகைய வசதியை யாராவது உங்களுக்கு விற்க வந்தால், சேமிக்கும்போதே விதி மாதிரித் தரவுகளால் பரிசோதிக்கப்படுமா, உள்ளீட்டின் நீளத்துக்கும் பொருத்திப் பார்க்கும் நேரத்துக்கும் எல்லை உண்டா, பிழைத்தால் முந்தைய விதிக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பின்னரே முற்பணம் கொடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லாததால், கொடுத்த பணத்தை இன்றுவரை மீட்க முடியவில்லை.