பேஸுக்கு இந்தப் பெட்டி போதும், கிட்டாருக்கு 5 வாட் போதும்

வீட்டில் கிட்டார் ரெக்கார்ட் பண்ணப் பெரிய ஆம்ப் (ஒலிபெருக்கி) வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 50 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் 10 டெசிபல்தான் வித்தியாசம், காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். 5 வாட் வால்வ் ஆம்பை (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஆம்ப்) முழுசாகத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

பேஸ் கிட்டாருக்கு நான் வைத்திருப்பது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸாம்ப் பேஸ் டிரைவர் டிஐ, வி2 மாடல். ஆம்ப் இல்லாமலே பேஸை நேராக ரெக்கார்ட் பண்ண உதவும் பெட்டி. பேட்டரியிலும் ஓடும், இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கருவி) மைக் கேபிள் வழியே தரும் ஃபேன்டம் பவரிலும் ஓடும். இதில் நான் விழுந்தது பிளெண்ட் நாபில்தான், சுத்தமான ஒலியையும் பெட்டி மாற்றிய ஒலியையும் கலக்கும் திருகு அது. டிரைவை, அதாவது உறுமலை, ஏற்ற ஏற்ற அடி ஒலி கரைந்துபோவது பேஸ் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதை இழந்தால் அப்புறம் பேஸ் எதற்கு? பிளெண்டைப் பாதியில் நிறுத்தினால் சுத்தமான ஒலி அடியில் அப்படியே இருக்க, உறுமல் மட்டும் மேலே ஏறி உட்காருகிறது. பழைய மாடலில் மிட் (நடு ஒலி) நாபே கிடையாது. இதில் இருக்கிறது, 500-க்கும் 1000 ஹெர்ட்ஸுக்கும் மாற்ற ஸ்விட்சும் உண்டு. 500-இல் கொஞ்சம் ஏற்றித் தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி இருக்கும், டிரம்ஸோடு கேட்டால் சரியாக இருக்கும். பேரலல் அவுட்டிலிருந்து சுத்தமான சிக்னலையும் தனி டிராக்கில் பிடித்துவிடுங்கள், ராத்திரி பிடித்த டோன் காலையில் பிடிக்காமல் போவது சகஜம்.

கிட்டார் வேறு கதை. ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கர் ஒலியைப் போலச் செய்வது) இல்லாத ஒரு ப்ரீஆம்ப் பெடலை இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகிப் பார்த்தேன், டிஸ்டார்ஷன் போட்டதும் தகரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கத்தியது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலானதை விழுங்கிவிடும், அந்த வேலையைச் செய்ய அங்கே யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஃபைல்) போட்டதும் அடங்கிவிட்டது. இருந்தாலும் என் ஓட்டு சின்ன வால்வ் ஆம்புக்கும் ஷூர் எஸ்எம்57 மைக்குக்கும்தான். மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு விரல் அகலம் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், எந்த ட்ரெபிள் நாபும் அப்படித் திருத்தாது.

இன்னொன்று, வாங்கிய ஆம்பைத் திட்டுவதற்கு முன்னால் கிட்டாரை எதில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சாதாரண பாஸிவ் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும், பேட்டரி இல்லாத காந்தச் சுருள்) 1 மெகா ஓம் அளவு மின்தடை உள்ள இன்புட் வேண்டும், கீபோர்ட் போன்றவற்றுக்கான லைன் இன்புட் பல நேரம் 10 கிலோ ஓம்தான், ட்ரெபிள் செத்துவிடும். ஒரு வாரம் புதுத் தந்தி மாற்றி, கேபிள் மாற்றி, பிக்கப்பைக்கூட உயர்த்திப் பார்த்தேன். கடைசியில் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பட்டனை (இன்புட்டைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றுவது) அமுக்கவே இல்லை.